ரோஸி அக்காவுக்கு இன்சூரன்ஸ் கட்டுவது யார்?

"உங்கட பிள்ள கடிக்குமா சேர்?"

போன சனிக்கிழமை காலை, என் வீட்டு சோபாவில் உட்கார்ந்துகொண்டு, நான் கொடுத்த தேநீரையும் குடித்துக்கொண்டு, ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது.

நாய் வளர்க்கிறவனிடம் கேட்க வேண்டிய கேள்வி அல்லவா? எனக்குச் சுருக்கென்றது. என் மகள் மித்ராவுக்கு இரண்டேகால் வயது. பார்த்தால் பூனைக்குட்டி மாதிரி இருப்பாள். அவளைப் பார்த்து இப்படியா கேட்பது?

கேட்டவர் இர்ஃபான். என் மோட்டார் சைக்கிளுக்கு வருஷா வருஷம் இன்சூரன்ஸ் போட்டுத் தருகிற இளைஞர். தங்கமான பையன். கேள்வி அவருடையது இல்லை, கையில் வைத்திருந்த படிவத்தினுடையது.

"கொம்பனியில கேக்கச் சொல்லி ஈக்குது சேர்," என்றார் சங்கடத்தோடு.

"அதெல்லாம் கடிக்க மாட்டா," என்றேன்.

சமையலறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"கடிக்கும். ஆனா எல்லாரையும் இல்ல. அப்பாவை மட்டுந்தான்."

அது ரோஸி அக்கா. சாதாரண நாளாக இருந்தால் இதைச் சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்திருப்பார். அன்றைக்கு அந்தக் குரலில் சிரிப்பே இல்லை. சமையலறையில் தட்டுகள் மட்டும் கொஞ்சம் பலமாகச் சத்தம் போட்டன.

ஏன் என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு ரோஸி அக்காவைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு — என் மனைவி சுகந்தி வங்கியில் வேலை செய்கிறாள். நான் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறேன். நாங்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு மித்ராவைப் பார்த்துக்கொள்வது ரோஸி அக்கா. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து டவுனுக்கு ஒரு பஸ், டவுனிலிருந்து அம்பிட்டியவில் உள்ள எங்கள் வீடு வரைக்கும் இன்னொரு பஸ். ஏழு மணிக்கெல்லாம் வாசலில் நிற்பார். பதினான்கு மாதத்தில் ஒரு நாள் பிந்தியதில்லை.

அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் அவர் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் இருந்தவர். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. ஒரே நேரத்தில் பதினெட்டுக் குழந்தைகளைப் பார்த்திருக்கிறார். பதினெட்டு! எனக்கு ஒரு குழந்தையை ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொண்டாலே திங்கட்கிழமை மெடிக்கல் லீவு தேவைப்படுகிறது.

அவர் என்னைத் 'தம்பி' என்பார். சுகந்தியைத் 'தங்கச்சி' என்பார். எனக்கு நாற்பத்து மூன்று வயது. அலுவலகத்தில், கடையில், பஸ்ஸில் எல்லோருக்கும் நான் சேர். தம்பி என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருப்பது ரோஸி அக்கா ஒருவர்தான். அது எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது, அது நின்றுபோன பிறகுதான் தெரிந்தது.

நிற்க வைத்தது யார்? நான்தான். வேறு யார்?

கிட்டத்தட்ட இரண்டு கிழமைக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, குண்டசாலையில் ஒரு நண்பன் வீட்டில் பகல் சாப்பாடு. நண்பனின் தங்கை வெளிநாட்டிலிருந்து வந்திருந்தாள். அங்கே பிள்ளை பார்ப்பவர்களுக்கெல்லாம் இன்சூரன்ஸ் இருக்கிறதாம். பிள்ளைக்கு ஏதாவது அடிபட்டு, அது பார்த்துக்கொண்டவரின் தவறு என்று ஆனால், வைத்தியச் செலவிலிருந்து வழக்குச் செலவு வரைக்கும் கொம்பனி பார்த்துக்கொள்ளுமாம். பார்ப்பவருக்கே அடிபட்டாலும் கிடைக்குமாம்.

"அதுக்குக் காசு கட்டுறது யாரு?" என்று கேட்டேன்.

அவ்வளவுதான். மேசை இரண்டாகப் பிரிந்துவிட்டது. "தொழில் அவங்களோடது. அவங்கதான் கட்டணும். டொக்டர் தன்னோட இன்சூரன்ஸைத் தானே கட்டுறார்?" என்றான் நண்பன். "டொக்டர் சம்பளமும் ஆயா சம்பளமும் ஒண்ணா? பிள்ளை நம்மளோடது, நாமதான் கட்டணும்," என்றாள் அவன் மனைவி. கோழிக் கறி ஆறிப்போகும் வரை சண்டை. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ரத்தம் சூடேறிவிட்டது. இவ்வளவு நல்ல விஷயம் நம் ஊரில் ஏன் இல்லை? நான் ஏன் தொடங்கி வைக்கக் கூடாது?

மறுநாளே இர்ஃபானுக்கு போன் போட்டேன். "புதுசா ஒரு ஸ்கீம் வந்து ஈக்குது சேர். இன்னும் ஒருத்தரும் கேக்கல்ல. நீங்கதான் மொதல் ஆள்," என்றார். முதல் ஆள்! எனக்கு அது போதும். அடுத்து வருகிற சனிக்கிழமை வரச் சொல்லிவிட்டேன்.

போன் போட்ட அன்று மாலையே ரோஸி அக்கா மித்ராவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது, நானும் சுகந்தியும் ஹோலில் இதைப் பேசினோம். சுகந்தி கேட்டாள்: "ஏங்க, இதுக்கு ரோஸி அக்கா காசு கட்டணுமா?"

நான் பெருந்தன்மையின் உச்சியில் நின்றுகொண்டு, வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்:

"சேச்சே. நாமதான் கட்டணும். என் பைக்குக்கு இன்சூரன்ஸ் யாரு கட்டுறா? பைக்கா கட்டுது?"

உதாரணம் சொல்வதில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் அன்றைக்கு மண்ணாகப் போனது.

ஊட்டுகிற சத்தம் நின்றது. பத்து நிமிஷம் கழித்து ரோஸி அக்கா கை கழுவிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று சொன்னார்:

"போயிட்டு வர்றேன் சேர்."

சேர்.

சுகந்தி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. மறுநாளும் சேர். அதற்கு மறுநாளும் சேர். வியாழக்கிழமை சுகந்தியிடம் தனியாகச் சொல்லிவிட்டார்: "இந்த மாசத்தோட நின்னுக்கிறேன் தங்கச்சி."

சுகந்தி கெஞ்சிக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பைக் கதை மட்டும் காரணம் இல்லை. பிள்ளைக்காம்பராவில் அவரோடு வேலை செய்த ஒருத்தரிடம் ஒரு நாள் ஏதோ பேப்பரில் கையெழுத்து வாங்கினார்களாம். கொஞ்ச நாளில் ஒரு பிள்ளை விழுந்து கையை முறித்துக்கொண்டது. அந்தப் பேப்பரைக் காட்டியே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

"பேப்பர் நீட்டுறாங்கன்னா பின்னால பழி போடத்தானே தங்கச்சி? புள்ளைய நான் கீழ போட்டுருவேன்னு இப்பவே எழுதி வைக்கிறாங்க. சந்தேகம்னா நேரா சொன்னா நான் போயிருவேனே."

சுகந்தி வந்து இதைச் சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். ரோஸி அக்கா போய்விட்டால் நாங்கள் என்ன செய்வோம் என்பது ஒரு பக்கம். மித்ரா என்ன செய்வாள்? அவள் வாயில் முதலில் வந்த சொல் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. 'ரோசிம்மா.' இதற்காக நான் பொறாமைப்பட்டு ஒரு முழுப் பத்தியே எழுதியிருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதா?

இர்ஃபானை வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றேன். சுகந்தி விடவில்லை. "வரட்டும். அக்கா முன்னாலயே எல்லாம் கேளுங்க. மறைச்சுப் பேசினதாலதான் இவ்வளவும்," என்றாள். வங்கியில் அவளை ஏன் எல்லோரும் மதிக்கிறார்கள் என்று எனக்குப் புரிகிறது.

அப்படித்தான் சனிக்கிழமை வந்தது. சுகந்திக்கு அரை நாள் வேலை இருந்ததால் ரோஸி அக்காவும் வந்திருந்தார். சுகந்தி வங்கியில் அனுமதி கேட்டுக்கொண்டு வீட்டிலேயே நின்றுவிட்டாள். இர்ஃபான் படிவத்தை விரித்தார்.

கடிக்குமா என்பதைத் தாண்டினோம். வீட்டில் படிக்கட்டு உண்டா? உண்டு, மலைச்சரிவில் இருக்கிற அம்பிட்டியவில் படிக்கட்டு இல்லாத வீட்டை எங்கே தேடுவது? படிக்கட்டுக்குக் கதவு போட்டிருக்கிறதா? இல்லை. கிணறு, குளம்? இல்லை. நாய்? பக்கத்து வீட்டு நாய் தினமும் வந்து போகும், எங்களுடையது என்று சொல்ல முடியாது.

"கடைசி ஒரு வருஷத்துல பிள்ளைக்கு ஏதும் காயம், விபத்து நடந்து ஈக்கா?"

"பெரிசா ஒண்ணும் இல்ல," என்றேன். "சின்னச் சின்னதா நாலஞ்சு இருக்கும்."

ரோஸி அக்கா சமையலறையிலிருந்து வெளியே வந்தார். பேசாமல் போய்த் தன் பையைத் திறந்தார். தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்துக்கொண்டுவந்து இர்ஃபானுக்கு முன்னால் மேசையில் வைத்தார்.

"நாலஞ்சு இல்ல. எல்லாம் இதுல இருக்கு."

நாங்கள் மூவரும் கொப்பியைப் பார்த்தோம். சுகந்திக்கும் அது புதிது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ரோஸி அக்கா தினமும் காலையில் மித்ராவை வாங்கும்போது ஒரு விளையாட்டு நடக்கும். வாசலில் பிள்ளையை நிறுத்தி, முன்னும் பின்னுமாகத் திருப்பி, "நெத்தி சரி, கை சரி, முட்டி சரி, பாதம் சரி" என்று ராகமாகச் சொல்வார். மித்ராவும் ஒவ்வொன்றாக நீட்டிக் காட்டிச் சிரிப்பாள். மாலையில் சுகந்தியிடம் கொடுக்கும்போதும் அதே ராகம், அதே திருப்பல். அதைப் பார்த்து நெகிழ்ந்துபோய் இதே பத்தியில் 'பாசத்தின் சின்ன நடனம்' என்று எழுதினேன். நிறையப் பேர் பாராட்டிக் கடிதம் போட்டார்கள்.

நடனமாவது மண்ணாங்கட்டியாவது. அது ஒரு பரிசோதனை.

பிள்ளைக்காம்பராவின் வழக்கம் அதுதானாம். காலையில் தாய் பிள்ளையைக் கொடுக்கும்போது, தாய்க்கு முன்னாலேயே பிள்ளையைத் திருப்பிப் பார்த்து, என்ன காயத்தோடு வந்தது என்று வாய்விட்டுச் சொல்லித்தான் வாங்க வேண்டும். மாலையில் தாய் அதேபோல் பார்த்து வாங்குவாள். யாருடைய நேரத்தில் எது நடந்தது என்பதில் பிறகு பேச்சே கிடையாது. பதினெட்டுப் பிள்ளைகளுக்கு ராகம் போட்டுச் சொன்னால்தான் பிள்ளைகள் நிற்குமாம். அதனால் அந்த ராகம்.

பதினான்கு மாதம் தினமும், சுகந்தி உள்ளே வங்கிக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்க, நான் வாசலில் நின்று பார்த்தேன்; 'இது எப்படி?' என்று அவர் கேட்டதற்கெல்லாம் பதிலும் சொன்னேன். உன்னிப்பாகக் கவனித்து எழுதுகிறவன் என்று என்னை நானே நினைத்துக்கொண்டிருந்தேன். தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

இர்ஃபான் கொப்பியைத் திறந்து வாசிக்கத் தொடங்கினார்.

"திங்கள் காலை. நெத்தியில வீக்கம். அப்பா தூக்கிப் போட்டு விளையாடினது, கதவு நிலை இடிச்சது."

சுகந்தி என்னைப் பார்த்தாள். "கொசு கடிச்சதுன்னு சொன்னீங்க?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"திங்கள் காலை. ரெண்டு முட்டியும் உரசல். அப்பாவோட கடைக்கு ஓட்டப் போட்டி."

"திங்கள் காலை. காதுல கடலப் பருப்பு. அப்பா வித்தை காட்டினது. நான் எடுத்துட்டேன்."

"செவ்வா காலை..." என்று தொடங்கிய இர்ஃபான் நிமிர்ந்தார். "இது மட்டும் செவ்வா போட்டு ஈக்குது."

"திங்கக்கெழம பௌர்ணமி, போயா லீவு," என்றார் ரோஸி அக்கா. "தம்பி வீட்டுல இருந்தாரு."

தம்பி என்றாரா? என் காது நிமிர்ந்தது. ஆனால் அவர் முகம் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது. வாய் தவறி வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கம் பக்கமாகத் திங்கட்கிழமைகள். ஊஞ்சல், பற்பசை, சைக்கிள் மணி, என் முகச்சவர நுரை. இர்ஃபான் பாவம், சிரிப்பை அடக்க அடக்க அவருடைய தோள் ஆடியது. சுகந்தி அடக்கவே இல்லை.

நடுவில் ஒரு பக்கத்தில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தது. இர்ஃபான் அதைக் கொஞ்சம் மெதுவாக வாசித்தார்.

"புதன் பகல். அலுமாரிக் கதவுல விரல் நசிஞ்சது. நான் பக்கத்துல இருந்தும் பாக்கல. என் பெழ. அந்தியில தங்கச்சிக்கிட்ட சொன்னேன்."

சொல்லியிருந்தார். சுகந்திக்கு ஞாபகம் இருந்தது. என் தவறுகளுக்கெல்லாம் நீலப் பேனா. தன்னுடைய ஒரே தவறுக்குச் சிவப்பு. எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. இந்த மனுஷிக்கா நான் பைக் உதாரணம் சொன்னேன்? வெட்கமாக இருந்தது. அதை அங்கேயே, எல்லோருக்கும் முன்னால் சொன்னேன்.

"அக்கா, நான் பேசினது பெரிய தப்பு. மனசுல வச்சுக்காதீங்க."

அவர் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

இர்ஃபான் கொப்பியை மூடி வைத்து, மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "சேர், கோவிக்க வாணாம். இந்த வீட்டுல பிள்ளைக்கு ரிஸ்க் எண்டா அது நீங்கதான்."

"அப்பாமாருக்கு ஏதாவது பொலிசி இருக்கா?" என்று கேட்டேன்.

"கொம்பனி இன்னும் போடல்ல சேர். போட்டா கொம்பனிய மூடத்தான் ஈக்கும்."

ரோஸி அக்கா சிரித்துவிட்டார். அடக்கிப் பார்த்து, முடியாமல், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதே கதவு நிலைதான். அவர் சிரிப்பதைப் பார்த்து மித்ரா கைதட்டினாள். வீடே குலுங்கியது. எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு!

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரோஸி அக்கா முதல் தடவையாகக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இர்ஃபானைக் கேட்டார்:

"தம்பி, இந்தப் பேப்பரு யாரு பேருல வரும்?"

"உங்கட பேருலதான்."

"நாளைக்கு நான் வேற வீட்டுக்குப் போனா?"

"உங்களோடயே வரும்."

"எங்கிட்ட பெழ நடந்துச்சுன்னா, இதைக் காட்டி என்னைய அனுப்பிருவாங்களா?"

"இல்ல உம்மா," என்றார் இர்ஃபான், தன் தாயிடம் பேசுவது போல. "அப்படி நடந்தா உங்களுக்குப் பின்னால கொம்பனி நிக்கும். அதுக்குத்தான் இது."

ரோஸி அக்கா படிவத்தை விரலால் தட்டிச் சொன்னார்:

"அப்படின்னா நானே கட்டுறேன்."

சுகந்தி விடுவாளா? "இல்லக்கா, நாங்க கட்டுறோம்." "வேணாம் தங்கச்சி." "பிள்ளை எங்களோடது அக்கா." "தொழில் என்னோடது தங்கச்சி." ஹோட்டல் கவுன்டரில் இரண்டு சிநேகிதர்கள் பில்லைப் பிடுங்கிக்கொள்வார்களே, அதே காட்சிதான். குண்டசாலையில் அத்தனை பேர் நீ கட்டு நீ கட்டு என்று சண்டை போட்டார்கள். இங்கே நான் கட்டுகிறேன் நான் கட்டுகிறேன் என்று சண்டை. இர்ஃபான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

கடைசியில் ரோஸி அக்கா சொன்னது நியாயமாகப் பட்டது.

"நீங்க கட்டினீங்கன்னா அது உங்க பைக்குக்குக் கட்டுற மாதிரி. ஒரு நாளைக்குக் கோவம் வந்தா நிப்பாட்டிருவீங்க. நான் கட்டினாத்தான் அது என் கையில இருக்கும்."

அந்தப் பைக் என்னை இனி வாழ்நாள் முழுக்க விடாது.

வங்கிக்காரி ஒரு வழி கண்டுபிடித்தாள். "சரிக்கா. இந்த மாசத்துல இருந்து சம்பளத்தைக் கூட்டுறோம். இன்சூரன்ஸுக்கு எவ்வளவு வருமோ அவ்வளவு. அதை எடுத்து நீங்களே போய்க் கட்டுங்க." ரோஸி அக்கா என்னைப் பார்த்தார், மித்ராவைப் பார்த்தார், தலையாட்டினார்.

ஆகவே, வாசகர்களே, குண்டசாலைச் சண்டைக்கு என் தீர்ப்பு இது. காசு பெற்றோருடையதாக இருக்கட்டும். கட்டுகிற கையும் பேப்பரில் உள்ள பெயரும் பிள்ளை பார்ப்பவருடையதாக இருக்கட்டும். நம் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர் பயமில்லாமல் பார்த்துக்கொண்டால் அந்த லாபம் நமக்குத்தானே? தீர்ப்புச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்காதீர்கள். கொப்பியைத்தான் பார்த்துவிட்டீர்களே.

இர்ஃபான் படிவத்தை நிரப்பினார். பெயர், முகவரி, வயது. தொழில் என்ற இடத்தில் 'வீட்டு வேலை' என்று எழுதினார். ரோஸி அக்கா எட்டிப் பார்த்தார்.

"தம்பி, அதை வெட்டுங்க."

"என்ன எழுத உம்மா?"

"புள்ள பாக்கிறவங்கன்னு எழுதுங்க. இருபத்திரண்டு வருஷமும் பதினாலு மாசமும்."

வருஷம் எழுத அந்தப் படிவத்தில் இடமே இல்லை. இர்ஃபான் ஓரத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதினார். ரோஸி அக்கா வாசித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டார். நின்றுகொள்கிற பேச்சு அதற்குப் பிறகு எழவே இல்லை. சுகந்தி ஓடிப்போய் எல்லோருக்கும் இன்னொரு சுற்றுத் தேநீர் போட்டாள். மித்ரா அந்தச் சந்தோஷத்தில் என் கையைக் கடித்தாள்.

இர்ஃபான் போகும்போது படிக்கட்டுக்கு ஒரு சின்னக் கதவு போடச் சொல்லிவிட்டுப் போனார். பொறுப்புள்ள தகப்பனாக மாறுவது என்று தீர்மானித்து, ஞாயிற்றுக்கிழமை பலகை வாங்கி வந்து நானே அடித்தேன். மர வேலை பாஸ் ஒருவரைக் கூப்பிடுவோம் என்று சுகந்தி சொன்னாள். கேட்டேனா?

திங்கட்கிழமை காலை. ஏழு மணி. வாசலில் ரோஸி அக்கா.

"நெத்தி சரி. கை சரி. முட்டி சரி. பாதம் சரி." மித்ரா ஒவ்வொன்றாக நீட்டிக் காட்டினாள். ஒரு கீறல் இல்லை. பதினான்கு மாதத்தில் சுத்தமாக வந்த திங்கட்கிழமைகள் எத்தனை என்று எனக்கே தெரியாது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

மித்ரா திரும்பி என்னைப் பார்த்தாள். என் சட்டையைப் பிடித்து இழுத்துக் குனிய வைத்து, ரோஸி அக்காவின் அதே ராகத்தில் தொடங்கினாள். "அப்பா நெத்தி தரி. அப்பா கை..."

நான் கையைப் பின்னால் ஒளித்தேன். ரோஸி அக்கா விடவில்லை. "காட்டுங்க, காட்டுங்க," என்று இழுத்துப் பார்த்தார். பிறகு பையிலிருந்து கொப்பியை எடுத்து, வாசல் சுவரில் வைத்து, நிதானமாக எழுதினார். நான் தோளுக்கு மேலால் எட்டி வாசித்தேன்.

"திங்கள் காலை. புள்ள சரி. தம்பிக்கு இடது கட்டை விரல், சுத்தியல்."